வட்டியில்லாக் கடன் கொடுத்தவர்கள்

வங்கியில் கடன் கேட்டுப் போனால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, அடையாள அட்டை, ஜாமீன் கையெழுத்து என்று ஒரு கோப்பு நிறைய வாங்கி வைத்துக்கொண்டுதான் பேச்சையே தொடங்குவார்கள். அதே நாம், வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது, போன வாரம் வரை முகம் தெரியாத ஒருவரிடம் ஒரு பெரிய தொகையை வட்டி இல்லாமல், திரும்ப வரும் தேதி குறிக்காமல், பல நேரம் ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் நீட்டிவிட்டு, "சாவி எப்ப சார் தருவீங்க?" என்று பணிவாக நிற்கிறோம்.

எனக்கு உறுத்துவது அந்தப் பணிவுதான். வாடகை கொடுக்கிறவர் என்ற முறையில் நாம் வீட்டுக்காரருக்குக் கடமைப்பட்டவர்கள், சரி. ஆனால் அட்வான்ஸைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ். அங்கே கொடுத்தவர் நாம், திருப்பித் தர வேண்டியவர் அவர். இது மனதில் ஏறிவிட்டால், என்ன கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும், எப்போது விடாப்பிடியாக நிற்க வேண்டும் என்பதெல்லாம் தானாகவே தெளிவாகிவிடும். ஏறாதவர்களுக்கு எத்தனை யோசனை சொன்னாலும், கடைசி நாளில் "கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க சார்" என்றுதான் முடியும்.

கடன் கொடுப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, வாங்குகிறவர் யார் என்பது. வாடகைச் சந்தையில் நடக்கும் மோசடிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் நடக்கின்றன. வீட்டைக் காட்டியவர் ஓனரா, ஓனரின் மைத்துனரா, புரோக்கரா, அல்லது ஏற்கெனவே அங்கே வாடகைக்கு இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுகிறவரா? சொத்து வரி ரசீதிலோ மின் கட்டண ரசீதிலோ இருக்கும் பெயரும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பெயரும், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் காரணம் கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம்: ஓனர் வெளிநாட்டில் இருப்பார், மகன் பார்த்துக்கொள்வார். அப்படியானால் அந்த மகனுக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கும். அதைக் காட்டச் சொன்னால் நேர்மையானவர் கோபப்பட மாட்டார். வீட்டை உள்ளே போய்ப் பார்க்கும் முன்பே "டோக்கன் போட்டுடுங்க, நிறைய பேர் கேக்குறாங்க" என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். விவரம் எழுதும் இடத்தில் 'வாடகை முன்பணம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள். ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் ரசீது. ரசீதில் தொகை, தேதி, வீட்டு முகவரி, 'திருப்பித் தரத்தக்க முன்பணம்' என்ற வார்த்தைகள், கையெழுத்து. அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட வராது.

அடுத்த கேள்வி, அந்தப் பணம் எங்கே இருக்கப்போகிறது? இதில்தான் நாட்டுக்கு நாடு வானத்துக்கும் பூமிக்குமான வித்தியாசம். இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான தனியார் வாடகைகளில் ஓனர் முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிவு செய்தே ஆக வேண்டும். இப்போதைய விதிப்படி 30 நாள் அவகாசம். செய்யாவிட்டால் முன்பணத்தின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை குடியிருப்பவருக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பணம் அரசுத் துறையிடமே போய் உட்காருகிறது. ஓனர் நினைத்தாலும் தொட முடியாது. நியூசிலாந்திலும் அப்படியே, 23 வேலை நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஜெர்மனியின் குடிமைச் சட்டம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. அதையும் மூன்று தவணைகளில் கட்டலாம், ஓனர் அதைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனியாகப் போட்டு வைக்க வேண்டும், வட்டி குடியிருப்பவருக்கு. கனடாவின் ஒண்டாரியோவில் சேதத்துக்கென்று முன்பணம் வாங்குவதே கூடாது, கடைசி மாத வாடகையை மட்டும் முன்கூட்டி வாங்கலாம். இந்தியாவில் மாநிலங்கள் பின்பற்றுவதற்காக மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையை உச்சவரம்பாக வைக்கிறது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாவிட்டால், அது மூன்று மாதம்.

இந்தப் பட்டியலை ஒப்பிப்பதற்காகச் சொல்லவில்லை. 'தனியாகப் போட்டு வைக்க வேண்டும்' என்ற அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தாத இடங்களில், நீங்கள் கொடுத்த பணம் அந்த மாதமே செலவாகிவிடும். மகளின் கல்லூரிக் கட்டணமோ, வீட்டுக் கடன் தவணையோ, மாடிக்குப் போட்ட ஓடோ. ஓனர் கெட்டவர் என்பதால் அல்ல. கையில் வந்த பணத்தைச் சும்மா வைத்துக்கொண்டு யாரும் இருப்பதில்லை. நீங்கள் காலி செய்யும்போது அவர் கையில் அந்தப் பணம் இருக்காது. அடுத்து வருகிறவரின் அட்வான்ஸ் வந்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். "வேற ஆள் வந்ததும் தந்துடறேன் தம்பி" என்ற வாக்கியத்தைக் கேட்காத வாடகைக்காரர் உண்டா? அவர் பொய் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொல்கிறார். அடுத்த ஆள் வராவிட்டால் என்ன என்பதுதான் நம் பிரச்சினை.

இந்தச் சங்கிலியை ஒரு நாடு முழுக்கக் கட்டி எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா உதாரணம். அங்கே 'ஜொன்சே' என்று ஒரு முறை. மாத வாடகையே கிடையாது. அதற்குப் பதில் வீட்டு விலையில் பாதிக்கு மேலும் போகக்கூடிய ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்து வைக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்ததும் முழுத் தொகையும் திரும்பும். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்த வரை புதியவர் கொடுப்பதை வாங்கிப் பழையவருக்குக் கொடுத்து வண்டி ஓடியது. விலை இறங்கியதும் ஓனர்கள் கையை விரித்தார்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றத் திட்டமிட்டவர்களும் அதில் இருந்தார்கள். 2023-ல் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதில் ஒரு நுணுக்கம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அங்கே குடியிருப்பவர் குடிவந்ததைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரையும் வாங்கினால், வீடு ஏலத்துக்குப் போனாலும் பின்னால் வந்த கடன்காரர்களுக்கு முன்னால் அவருக்குப் பணம் கிடைக்கும். ஆனால் குடிவந்த பதிவு அன்றிரவு 12 மணிக்கு, மறுநாள் பிறக்கும்போதுதான் செல்லுபடியாகும். இவர் சாமான்களை இறக்கிக்கொண்டிருக்கும் அதே நாளில் ஓனர் வங்கிக்குப் போய் வீட்டை அடமானம் வைத்தால், வங்கி முந்திக்கொள்ளும். அந்த ஒரு பகல் இடைவெளியில் பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இப்போது விவரம் தெரிந்தவர்கள் 'மறுநாள் வரை வீட்டின் மீது கடன் வாங்க மாட்டேன்' என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குகிறார்கள். கடன் கொடுத்தவர் இப்படித்தான் யோசிக்க வேண்டும்.

நம் தொகை அவ்வளவு பெரியதில்லை. ஆனாலும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாவி கொடுத்த பிறகு எத்தனை நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். பிடித்தம் செய்தால் எதற்கு எவ்வளவு என்று பில்லோடு கணக்குக் கொடுக்க வேண்டும். திருப்பித் தருவது அடுத்த ஆள் வருவதைப் பொறுத்ததல்ல. மூன்றாவதை எழுதச் சொல்லும்போது ஓனர் முகம் மாறும். மாறட்டும். வீடு விற்கப்பட்டால் புதிய ஓனர் அட்வான்ஸுக்குப் பொறுப்பு என்ற வரியும் இருந்தால் நல்லது. ஜெர்மனியில் இது சட்டத்திலேயே இருக்கிறது, வாங்கியவரிடம் பணம் பெயராவிட்டால் விற்றவரையும் கேட்கலாம். அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் காகிதம்தான் துணை. குடியிருக்கும்போது வீடு கைமாறினால், வாடகையை இனி யாருக்குக் கொடுப்பது என்று கேட்கும் அதே கடிதத்தில் அட்வான்ஸ் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டு இருவரிடமும் பதில் வாங்கிவிடுங்கள்.

நண்பர்களாகச் சேர்ந்து வீடு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் பெயரில் ஒப்பந்தம், நாலு பேர் பணம் என்றால், பாதியில் கிளம்புகிறவர் ஓனரிடம் கேட்க முடியாது. அவருக்கு இவர் யாரென்றே தெரியாது. யார் எவ்வளவு போட்டார்கள், யார் போனால் யார் திருப்பித் தருவது என்று உங்களுக்குள் ஒரு தாள். நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

இனி குடிபோகும் நாள். அட்வான்ஸ் காலி செய்யும் நாளில் போவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது போவதும் நிற்பதும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. நாளைக்கு வரும் சண்டை முழுக்க 'இது முன்னாடியே இருந்ததா, நீங்க வந்த பிறகு வந்ததா' என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே நாள், சாமான் இறங்கும் முன் இருக்கும் அந்தக் காலி வீட்டின் நாள்.

நான் செய்வது இது. சாமான் வண்டி வருவதற்கு முன் வெறும் வீட்டில் தனியாக ஒரு சுற்று. போனில் வீடியோவை ஓடவிட்டு வாசல் கதவின் வெளிப்பக்கத்தில், வீட்டு எண் தெரியும் இடத்தில் தொடங்குவேன். நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக உள்ளே. ஒவ்வொரு அறையிலும் முதலில் கூரையின் நாலு மூலை, பிறகு சுவர், பிறகு தரை. ஜன்னலைத் திறந்து மூடி, கொண்டி விழுகிறதா என்று காட்ட வேண்டும். குழாயைத் திறந்து தண்ணீர் வருவதும், கீழே சொட்டுவதும் பதிவாக வேண்டும். கழிப்பறைத் தொட்டியில் தண்ணீர் விட்டு, அது நிற்கிறதா ஓடிக்கொண்டே இருக்கிறதா என்று காதுக்கும் கேட்க வேண்டும். அலமாரிகளின் உள்பக்கம், கதவுகளின் பின்பக்கம், ஆணி ஓட்டைகள், மின் மீட்டர் எண். வாயாலும் சொல்லிக்கொண்டே போவேன்: "படுக்கையறை, கிழக்குச் சுவர், ஜன்னலுக்குக் கீழே ஈரக்கறை, சுமார் ரெண்டு கை அகலம்." பக்கத்தில் ஆள் இருந்தால் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

வீடியோவில் சின்னக் குறைகள் தெரியாது. அதற்குப் புகைப்படம். ஒரு கீறலைத் தனியாக எடுத்தால் அது எந்த வீட்டுக் கீறல் என்றே தெரியாது. அதனால் தள்ளி நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று, பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து அளவு தெரியும்படி. இதையெல்லாம் போனிலேயே வைத்துக்கொண்டால் பாதிப் பயன்தான். அன்றைக்கே ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அப்போதுதான் அந்தத் தேதிக்கு மின்னஞ்சலே மூன்றாம் மனிதர் போலச் சாட்சி ஆகிறது. கூடவே ஒரு வரி: "வீட்டின் இன்றைய நிலை இது, உங்கள் தகவலுக்காக. ஏதாவது மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்." வாட்ஸாப்பிலும் அதைச் சொல்லிவிடுங்கள். அவர் 'ஓகே' என்று ஒரு கட்டை விரலைப் போட்டால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு வீட்டில் நான் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற ஓனர் சிரித்தார். "என்ன தம்பி, கோர்ட்டுக்குப் போறாப்புல படம் புடிக்கிறீங்க? நம்பிக்கைதானே முக்கியம்?" என்றார். "நம்பிக்கை இருக்குங்க சார். ஞாபகம்தான் ரெண்டு பேருக்கும் இருக்காது" என்றேன். சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவைத் திறந்தால், அடிப்பலகை தண்ணீர் குடித்து அப்பம் போல உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அதையும் எடுத்து அனுப்பினேன். காலி செய்த அன்று அதே அலமாரியை அவர் திறந்து, அதே பலகையை விரலால் அழுத்தி, "இது ஊறிப்போச்சே, மாத்தணுமே" என்று இழுத்தார். பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் விரித்து, மேலே இருந்த தேதியையும் பார்த்தார். "ம்... சரி, விடுங்க" என்றார். கோபமெல்லாம் இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. வேண்டுமென்றே செய்யும் ஓனர்களைவிட, மறந்துபோன ஓனர்கள்தான் அதிகம் என்பது என் அனுபவம்.

இதை முறையாகவே செய்யும் ஊர்களும் உண்டு. பிரான்சில் வீட்டின் நிலையை இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திடும் அறிக்கை, வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று. இரண்டும் ஒத்துப்போனால் ஒரு மாதத்துக்குள் பணம் திரும்ப வேண்டும், வேறுபாடு இருந்தால் இரண்டு மாதம். தாமதமானால் தொடங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் கூடும். நியூ சவுத் வேல்ஸில் ஓனர் தரப்பு எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் நாம் மறுப்புகளைச் சேர்த்து ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அவர்கள் எழுதியதுதான் வேதம். கலிஃபோர்னியாவில் 2025 முதல், காலியான வீட்டைப் பழுதுபார்க்கும் முன்பும் பின்பும் ஓனர்தான் படம் எடுத்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

குடியிருக்கும் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏதாவது ஒழுகினால், உடைந்தால், அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னாலும் பிறகு ஒரு செய்தி: "இப்போது பேசியபடி, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது." ஒழுகலுக்கு நீங்கள் பொறுப்பில்லை; ஆனால் சொல்லாமல் விட்டதால் சுவர் கெட்டது என்றால் அதற்குப் பொறுப்பாக்குவார்கள். வாடகையைக் கையில் கொடுக்காதீர்கள்.

பிடித்தங்களில் பெரியது பெயிண்ட். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாக ஏமாறுவது இங்கேதான். மனிதர்கள் வாழ்ந்தால் வீடு தேயும். வெயில் பட்ட சுவர் வெளிறும், நடக்கும் இடத்தில் தரை மங்கும், கதவுப் பிடி தளரும். இது சாதாரணத் தேய்மானம். இதற்குத்தான் மாதா மாதம் வாடகை. இதற்கு மறுபடி அட்வான்ஸில் கைவைப்பது ஒரே பொருளை இரண்டு முறை விற்பது. உடைந்த கண்ணாடி, எரிந்த மேடை, குழந்தை கிரேயானால் வரைந்த யானை இவையெல்லாம் சேதம். அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். முன்பணச் சட்டம் உள்ள பெரும்பாலான நாடுகளில் இந்தக் கோடு இருக்கிறது.

சேதம் என்றே ஒப்புக்கொண்டாலும், முழு விலையும் உங்கள் தலையில் இல்லை. சுவர் பூச்சுக்கு ஐந்து வருட ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வந்தபோது அது அடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நீங்கள் இரண்டு வருடம் இருந்தீர்கள். ஐந்தில் நாலு பங்கு ஆயுள் முடிந்துவிட்டது. உங்கள் பிள்ளை நாலு சுவரிலும் யானைக் கூட்டமே வரைந்திருந்தாலும், ஓனர் இழந்தது மீதி ஐந்தில் ஒரு பங்கைத்தான். எப்படியும் அடுத்த வருடம் அவர் அடித்திருக்க வேண்டிய பெயிண்ட் அது. இங்கிலாந்தின் முன்பணத் திட்டங்களில் தகராறு தீர்ப்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள்: பழைய பொருளுக்குப் பதில் புதுப் பொருள் வாங்கிக்கொண்டு ஓனர் முன்னைவிட மேலான நிலைக்குப் போய்விடக் கூடாது. பிடித்தம் நியாயம் என்று நிரூபிப்பதும் அங்கே ஓனரின் வேலை, நம்முடையது அல்ல. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015-ல் இன்னும் ஒரு படி போனது. பூச்சு வேலை செய்யாத பழைய நிலையில் வீட்டைக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடும் தராமல், பூச்சு வேலையைக் குடியிருப்பவர் தலையில் கட்டும் பொது நிபந்தனை செல்லாது என்றது. நீங்கள் பெற்றதைவிட நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம்.

'காலி செய்யும்போது பெயிண்டுக்காக ஒரு மாத வாடகை பிடிக்கப்படும்' என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்? கையெழுத்துப் போட்ட பிறகு புலம்பிப் பலன் குறைவு. அது முன்பணமே அல்ல, கட்டணம். பேரம் பேச வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். ஒரு மாத வாடகையை நீங்கள் இருக்கப்போகும் மாதங்களால் வகுத்து, மாத வாடகையோடு கூட்டிப் பாருங்கள். வீட்டின் உண்மையான வாடகை அதுதான்.

காலி செய்வது என்று முடிவானதும் முதல் வேலை, எழுத்தில் நோட்டீஸ், தேதி போட்டு. அடுத்து, கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே ஓனரை வரச் சொல்லி வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். "எதையாவது சரி பண்ணணுமா சார்?" என்று அப்போதே கேட்டுவிட்டால், அவர் ஆளை வைத்துச் செய்து பில் போடும் வேலையை நீங்களே பாதிச் செலவில் முடித்துவிடலாம். கலிஃபோர்னியாவில் இப்படிக் கேட்பது குடியிருப்பவரின் உரிமை. மற்ற இடங்களில் கேட்டால் மறுப்பவர் குறைவு. ஓனர் அட்வான்ஸைச் செலவழித்திருப்பார் என்று மேலே சொன்னேனே, அவருக்கும் இந்த வாரங்கள் தேவை. வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு முகம் சுளிக்காமல் கதவைத் திறந்துவிடுங்கள். அடுத்த ஆள் சீக்கிரம் கிடைத்தால் லாபம் உங்களுக்கும்தான்.

கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க" என்பது பலரும் செய்யும் தந்திரம். ஓனர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அவர் கையில் இருக்கும் உங்கள் பணம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒப்புக்கொள்ளாமல் செய்தால் நீங்கள் வாடகை பாக்கிக்காரர் ஆகிவிடுகிறீர்கள். பல இடங்களில் அது ஒப்பந்த மீறல். கடன் கொடுத்தவர் என்ற உறுதியான இடத்திலிருந்து, கணக்குத் தீர்க்காதவர் என்ற பலவீனமான இடத்துக்கு நீங்களாகவே இறங்கிப் போவானேன்? ஓனர் ஏமாற்றுவார் என்பதற்கு வலுவான காரணம் இருந்தாலொழிய நான் இதைச் செய்ய மாட்டேன்.

வீடு காலியானதும் மறுபடி அதே வீடியோச் சுற்று, அதே வரிசையில். மீட்டர் எண், கட்டிய பில்கள். சாவி எத்தனை, யாரிடம், எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பணம் திரும்ப வேண்டிய கெடு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது: நியூயார்க்கில் 14 நாள், கலிஃபோர்னியாவில் 21 நாள்.

கெடு தாண்டினால்? இங்கேதான் குடியிருப்பவரின் பெரிய பலவீனம். புது வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பழையது வரவில்லை. இரண்டு அட்வான்ஸுகளுக்கு நடுவில் மூச்சு முட்டுகிறது. இது ஓனருக்கும் தெரியும். "முக்கால்வாசி இப்ப வாங்கிக்கோங்க, கணக்கை முடிச்சிடலாம்" என்ற பேச்சு சரியாக அந்த நேரத்தில் வரும். நியூசிலாந்தில் அரசிடம் இருக்கும் முன்பணத்தைப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லையென்றால், வீடு மாறும் முன்பே இந்த இடைவெளிக்கு என்று கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பதுதான் உண்மையான தற்காப்பு. காத்திருக்க முடிகிறவரிடம்தான் நியாயம் பேசுவார்கள்.

சண்டையை ஒரு கடிதத்தில் தொடங்குங்கள், போனில் அல்ல. கடிதம் சின்னதாக, சூடில்லாமல் இருக்கட்டும். இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். உங்களிடம் உள்ள என் முன்பணம் இவ்வளவு. ஒப்பந்தப்படி திரும்ப வேண்டிய தேதி முடிந்துவிட்டது. பிடித்தம் ஏதும் இருந்தால் பில்லோடு கணக்கு அனுப்புங்கள். இன்ன தேதிக்குள் பணமோ கணக்கோ வராவிட்டால் வாடகை ஆணையத்திடமோ நீதிமன்றத்திடமோ போவேன். என் வங்கிக் கணக்கு விவரம் இது. உங்கள் ஊரில் எது உண்டோ அதன் சரியான பெயரைப் போடுங்கள், பொதுவாக 'சட்ட நடவடிக்கை' என்று மிரட்டுவதைவிட அது வேலை செய்யும். நீங்கள் விசாரித்துவிட்டீர்கள் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று.

பல நேரம் இந்தக் கடிதத்தோடேயே ஒரு தொகை வந்துவிடும், முழுசாக இல்லை. வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் கூடவே நீட்டப்படும் தாளை நிதானமாகப் படியுங்கள். 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்று அதில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதை அடித்துவிட்டு, 'முன்பணத்தில் ஒரு பகுதி பெற்றுக்கொண்டேன், மீதி இவ்வளவு நிலுவை' என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதி போடுங்கள். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் தாளே வேண்டாம், வங்கியில் போடச் சொல்லுங்கள். பணம் வந்த அன்றே, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு மின்னஞ்சல்.